துண்டுக்கடியில் உலக வரலாறு

அவன் ஒரு துரோகி, தம்பி. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். இந்தப் பல்கலைக்கழக நடைவழியில் நின்று கத்தியும் சொல்வேன். பரீட்சை ஹாலில் காவலுக்கு நின்றானே ஒரு வாத்தியார், செருப்புச் சத்தமே கேட்காமல் பூனை மாதிரி, அவனைத்தான் சொல்கிறேன். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வாய் கசக்கும். ஒரு பொம்பிளையின் மூன்று வருஷப் படிப்பைக் குழியில் தள்ளிவிட்டு, அதோ, அந்த மூடின கதவுக்கு அந்தப் பக்கம் விசாரணைக் குழுவோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். உள்ளே போகும்போது எனக்கு வணக்கம் வேறு வைத்தான். வணக்கம்! எனக்கு!

நீங்கள் எதற்கு வந்தீர்கள்? சர்ட்டிபிகேட்டில் இனிஷியல் தப்பா? அது ஒரு தப்பா, உட்காருங்கள். உங்கள் டோக்கன் முப்பத்தெட்டு. இப்போது ஓடுவது பத்தொன்பது. அதற்குள் நான் சொல்லி முடித்துவிடுவேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் பேர் நாச்சிமுத்து. மாட்டுத் தரகு. புளியம்பட்டிச் சந்தையில் வந்து கேட்டுப் பாருங்கள். எனக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. உதைபட்டு உதைபட்டுப் படித்தேன். மாடு உதைத்தது பாதி, மனுசன் உதைத்தது பாதி. ப்ளஸ் டூவையே மூன்று தடவை எழுதித்தான் தாண்டினேன். இன்றைக்கு ஒரு எருது நடந்து வருகிற நடையை வைத்து அதற்கு எத்தனை பல், என்ன வயசு என்று சொல்லுவேன். ஒரு மனுசன் துண்டை உதறுகிற விதத்தில் அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று சொல்லுவேன். என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஏமாற்றினவன் இவன் ஒருத்தன்தான்.

அதோ தண்ணி ட்ரம் பக்கத்தில் ஊதாச் சேலை, மடியில் பை. அவள்தான் சாந்தாமணி, என் வீட்டுக்காரி. ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றால் பேச்சுவார்த்தை இல்லை. இன்றோடு நாற்பத்தொரு நாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், எல்லாம் உண்டு. வாய் மட்டும் திறக்க மாட்டாள். தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்கு நாலு வசவு விழுந்துவிடும். இன்றைக்கு ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள் முன் வாசலில் ஏறினாள், நான் பின் வாசலில்.

சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் இரண்டு பேரும் பி.ஏ. வரலாறு. அஞ்சல் வழி. மூன்றாம் வருஷம், கடைசிப் பேப்பர், நவீன உலக வரலாறு. அதில்தான் மாட்டினோம்.

சிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறீர்களே. போகட்டும்.

படிக்க ஆசைப்பட்டது அவள். அங்கன்வாடியில் பத்தொன்பது வருஷமாக வேலை. மாவு அளந்து, மூக்குச் சளி துடைத்து, அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டே காலம் போய்விட்டது. டிகிரி இருந்தால் மேற்பார்வையாளர் ஆகலாம். அடுத்த மாதம் பட்டியல் எடுக்கிறார்கள். இந்தப் பட்டியலை விட்டால் அவளுக்கு வயசு தாண்டிவிடும். அப்புறம் அவ்வளவுதான், ரிட்டையர் ஆகிற வரைக்கும் மாவுதான். இதுதான் விஷயம். இன்றைக்கு ஒரு மணிக்குக் குழு எழுந்துவிடும். அதற்குள் அவள் ரிசல்ட்டை விட்டால் உண்டு. இல்லாவிட்டால் மூன்று வருஷம் இரண்டு பேரும் பரீட்சைப் பக்கமே வரக்கூடாது.

நான் ஏன் சேர்ந்தேன் என்றா கேட்கிறீர்கள்? துணைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் நேர்முக வகுப்பு. அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நிற்க எனக்கு என்ன தலையெழுத்தா? ஒரு பொம்பிளை தனியாக எப்படிச் சமாளிப்பாள்? நானும் ஒரு அப்ளிகேஷன் போட்டேன். பதிவு எண் அடுத்தடுத்து வந்தது. வகுப்பிலும் பக்கத்தில், பரீட்சையிலும் முன்னும் பின்னும். அதுவும் நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

எனக்கு வரலாறு பிடித்துப்போனது, தம்பி. பொய் சொல்லக்கூடாது. முழுக்க வியாபாரம்தானே அது! ஒரு நாள் வகுப்பில் புரொபசர், ரஷ்யாக்காரன் அலாஸ்காவை அமெரிக்காக்காரனுக்கு விற்றதைச் சொன்னார். நான் எழுந்து, "ஏனுங் சார், வித்தவனுக்கும் வாங்குனவனுக்கும் நடுவால நின்னது யாருங்க? அதைப் புஸ்தகத்துல போடவே இல்லையே" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. புரொபசரும் சிரித்துவிட்டு, "சரி, ரஷ்யா எதுக்கு வித்துச்சு, அதைச் சொல்லுங்க நாச்சிமுத்து" என்றார். நான் வருஷத்தைச் சொன்னேன், ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தேழு. காரணம் வரவில்லை. சாந்தாமணி உட்கார்ந்தபடியே சொன்னாள். "சண்டையில கஜானா காலிங்க சார். வெச்சிருந்தா இங்கிலீஷ்காரன் சும்மாவே புடுங்கிக்குவான்னு பயம். புடுங்கறதுக்கு முன்னால வித்துப்போட்டான்." புரொபசர் மேசையைத் தட்டி "பிரமாதம்மா!" என்றார். யாரால் வந்த பிரமாதம்? நான் கேள்வியை எடுத்துக் கொடுக்காவிட்டால் அவள் வாயைத் திறந்திருப்பாளா?

வருஷம் அவளுக்கு மனசில் நிற்காது, ஆரம்பத்தில். அதை நிற்க வைத்தது நான். எப்படி என்றால், துண்டுபோட்டு.

உங்களுக்குச் சந்தைப் பழக்கம் உண்டா? நாங்கள் விலையை வாயால் சொல்ல மாட்டோம். பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுந்தால் பேரம் கெட்டுப்போகும். இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டுவிடுவோம். உள்ளே விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. உள்ளங்கையில் சுரண்டினால் ஒரு கணக்கு, மணிக்கட்டை அமுக்கினால் ஒரு கணக்கு. முகத்தில் ஒன்றும் தெரியாது. உள்ளே நடந்ததை வெளியே சொன்னவனை அதற்கப்புறம் சந்தையில் ஒருத்தன் கை தொட மாட்டான். அது எங்கள் சத்தியம்.

அந்தக் கணக்கைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு வருவாள். கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து துண்டைப் போடுவோம். நான் விரல் பிடிப்பேன், ஒன்று, ஏழு, எட்டு, ஒன்பது. "பிரெஞ்சுப் புரட்சி" என்பாள். ஒன்று, எட்டு, ஒன்று, ஐந்து. "வியன்னா மாநாடு." முதல் நாள் அவள் சொன்னாள், "இருவத்துநாலு வருசத்துல இப்பத்தானுங்க என்ற கையப் புடிச்சு இத்தன நேரம் உக்காந்திருக்கறீங்க." நான் சொன்னேன், "கவனத்தைப் படிப்புல வை."

ஆறு மாசத்தில் வருஷமெல்லாம் அத்துப்படி. அப்புறம் ஒருநாள் துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டாள். "வருசம் வந்துருச்சுங்க. இனி நான் காரணம் படிக்கோணும்" என்றாள். காரணம்! உடனடிக் காரணமாம், அடிப்படைக் காரணமாம். ஒருத்தன் ஒரு இளவரசனைச் சுட்டால் அது உடனடிக் காரணம். அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னாலிருந்தே புகைந்துகொண்டிருந்தது அடிப்படைக் காரணம். அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது. சுட்டவன் சுட்டான். அவனைப் பிடிக்க வேண்டியதுதானே?

பெர்லின் மாநாடு என்று ஒன்று படித்தோம். வெள்ளைக்காரர்களெல்லாம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதைப் படித்தபோது இவள் கண்ணில் தண்ணி. "அந்த ஊட்டுக்குள்ள ஆப்பிரிக்காக்காரன் ஒருத்தன்கூட இல்லீங்க. ஒரு வார்த்தை கேக்கலீங்க" என்றாள். நான் சொன்னேன், "விக்கிற சரக்கையா கேப்பாங்க?" வெடுக்கென்று திரும்பினாள். "சரக்கா? அத்தனையும் சனமுங்க!" அன்றைக்கு ராகிக்களியில் உப்பே இல்லை. ஆப்பிரிக்காக்காரனுக்கு ஆனதற்கு என் களியில் ஏன் உப்பு இல்லை? அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சரி, பரீட்சை நாளுக்கு வருகிறேன். பன்னிரண்டாம் டோக்கனுக்கே போய்விட்டு வந்த ஆள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான், பாருங்கள். அவனுக்கு என்ன வழக்கோ.

பள்ளிக்கூட பெஞ்சு. நான் முன்னால், அவள் எனக்குப் பின்னால். பதினாலாவது கேள்வி பெரிய கேள்வி. வியன்னா மாநாடு, இல்லாவிட்டால் பெர்லின் மாநாடு, ஏதாவது ஒன்று. நான் வியன்னாவை எடுத்தேன். வருஷத்தை எழுதி அடிக்கோடு போட்டேன். அதற்குமேல் ஓடவில்லை. சும்மா உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் இவள் பேனா கரகரவென்று போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம். மறந்துவிட்டாள்! வருஷத்தை மறந்துவிட்டாள்! மூன்று வருஷம் போச்சே, பட்டியல் போச்சே, என் கண்ணெதிரே போச்சே!

என்ன செய்வேன்? தோளில் கிடந்த துண்டை இறக்கி இடது கையில் போட்டேன். கையைப் பின்னால் அவள் பெஞ்சுக்கடியில் நீட்டினேன். அவள் முழங்காலில் விரலை வைத்து ஒன்று, எட்டு, ஒன்று, ஐந்து. வியன்னா. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பட்டென்று. அந்தச் சத்தத்தில்தான் அந்த வாத்தியார் திரும்பினான்.

அப்புறம் தெரிந்தது, அவள் எழுதினது பெர்லினாம். முழுசாக எழுதி முடித்து, படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இருக்கட்டுமே! எனக்கு எப்படித் தெரியும்? நான் வியன்னா எடுத்தால் அவளும் வியன்னாதானே எடுப்பாள்?

அவன் வந்தான். துண்டைத் தூக்கவில்லை. பையில் பிட்டு இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னான், "ஐயா, எங்கப்பாவும் தரகர்தானுங்க. இந்தத் துண்டு எனக்குத் தெரியும்."

கேட்டீர்களா? தரகன் மகன்! வெளியாள் எவனாவது பார்த்திருந்தால், கிழவன் முதுகு சொறிகிறான் என்று போயிருப்பான். தரகன் சோற்றைத் தின்று வளர்ந்த கையே காட்டிக் கொடுத்தது. இதைவிடத் துரோகம் புத்தகத்தில் எங்கேயாவது இருக்கிறதா? மூன்று வருஷம் படித்தேன், நான் பார்க்கவில்லை.

அதோடு விட்டானா? எங்களை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான். "பறக்கும் படை கீழ ஹாலுக்கு வந்துட்டாங்க. பத்து நிமிசத்துல மேல வருவாங்க. நீங்க மூணு வரி எழுதிக் குடுங்க. கை நீட்டுனது நான். அந்த அம்மா கேக்கலை. அவங்க தட்டிவிட்டாங்க. இந்த மூணு வரி போதும். நானும் பார்த்ததை அப்படியே எழுதறேன். அம்மாவை விட்டுருவாங்க, அவங்க போய் மிச்சத்தை எழுதலாம்" என்றான்.

நான் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் இப்படி ஒரு விலை சொல்கிறான் என்றால், இவன் இன்னும் எவ்வளவு இறங்குவான்? இருபத்தெட்டு வருஷத் தொழில், தம்பி. முதல் விலைக்குத் தலையாட்டுகிறவன் தரகனா? "அதெல்லாம் முடியாது. ரெண்டு பேரும் ஒண்ணுமே பண்ணலைன்னு எழுதிக்கறேன்" என்றேன். அவன், "அப்படி எழுதினா ரெண்டு பேரும் மாட்டிக்குவீங்க ஐயா, நேரம் இல்லை" என்றான். நேரம் இல்லை என்று சொல்லாத வியாபாரி யார்? நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தேன். நடந்தால் கூப்பிடுவான். சந்தையில் கூப்பிடாதவன் இல்லை.

அவன் கூப்பிடவில்லை. சாந்தாமணிதான் கூப்பிட்டாள். "எழுதிக் குடுங்க. உங்க காலப் புடிக்கறேன், எழுதிக் குடுங்க." "நீ சும்மா இரு, பேசிட்டிருக்கேன்ல" என்றேன். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மூன்று பேர் வந்தார்கள். துண்டைப் பிடுங்கினார்கள், இரண்டு பேப்பரிலும் சிவப்பு மையில் கோடு போட்டார்கள். நான் கத்தினேன். அந்த ஹாலே அதிரக் கத்தினேன். அதையும் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். அவன் இரண்டாவது விலை சொல்லியிருக்க வேண்டுமா வேண்டாமா? ஒரே ஒரு தடவை இறங்கி வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். தரகன் வீட்டில் பிறந்து பேரம் தெரியாதவன்!

தம்பி, ஒரு உதவி. நீங்கள் போய் அவளிடம் கேளுங்கள், காபி வாங்கி வரட்டுமா என்று. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். சரி, நான் கேட்டதாகவே சொல்லுங்கள். அப்படியே, எல்லாத்துக்கும் காரணம் உள்ளே இருக்கிற அந்த வாத்தியார்தான், இன்றைக்கு அவனை விடமாட்டேன் என்றும் சொல்லுங்கள். கொஞ்சம் மனசு ஆறும்.

என்ன சொன்னாள்? முழுசாகச் சொல்லுங்கள். "அந்த வாத்தியார் உடனடிக் காரணம். அடிப்படைக் காரணம் ஆருன்னு அவரைக் கேளுங்க" என்றாளா? நாற்பத்தொரு நாளில் எனக்கென்று வந்த முதல் சொல், அதுவும் பாடத்தில் வருகிற கேள்வி. அடிப்படைக் காரணம் என்றால் பறக்கும் படையைச் சொல்கிறாள் போல. ஆமாம், அவர்களும்தான். காபி வேண்டாமாமா?

இதோ குமாஸ்தா அம்மா வருகிறார். மணி பன்னிரண்டு நாற்பது. கையில் அதே மாதிரி வெள்ளைத்தாள். பாருங்கள், என்ன சொல்கிறார் என்று நீங்களும் கேளுங்கள். வாத்தியார் அன்றைக்கே தான் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டானாம். இன்றைக்கு வந்து வாயாலும் சொல்லிவிட்டானாம். அவன் சொல் மட்டும் போதாதாம், கை நீட்டினவர் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அந்த மூன்று வரி. அதே மூன்று வரி! நாற்பத்தொரு நாளாக விலை மாறவே இல்லை!

எழுதுகிறேன். எழுத மாட்டேன் என்றா சொன்னேன்? பேனா கொடுங்கள். சந்தையில் என் பேர் கெட்டாலும் கெடட்டும், துண்டுக்கடியில் நடந்ததை எழுதிக் கொடுத்தவன் என்று நாளைக்குக் காறித் துப்பட்டும். இதோ. 'கை நீட்டியது நான்.' எழுதிவிட்டேனா? 'என் மனைவி என் கையைத் தட்டிவிட்டார்.' இதோ, இதையும் எழுதிவிட்டேன். கையெழுத்தும் போடத் தயார்.

நடுவில் இருக்கிற வரிதான், தம்பி. 'அவர் கேட்கவில்லை.' அதை எப்படி எழுதுவேன்? அவள் கேட்கவில்லை என்றால் அவளுக்குத் தேவை இல்லை என்று ஆகிறது. தேவை இல்லை என்றால் நான் மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் எதற்குப் போனேன்? வயசுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து எதற்குச் சிரிப்பு வாங்கினேன்? அவள் வாயால் கேட்காவிட்டால் என்ன, பேனா நின்றதே, அது கேட்ட மாதிரி இல்லையா? 'கேட்டது போல இருந்தது' என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்களா, அம்மா? மாட்டார்களா? அப்படி எழுதினால் அவளும் சேர்ந்து மாட்டுவாளா?

எழுந்து வருகிறாள். இங்கேதான் வருகிறாள். நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

தாளை வாங்கிப் பார்த்தாள். "ரெண்டாவது வரி எங்கீங்க?" என்றாள். உங்கள் காதிலும் விழுந்ததல்லவா? "நீ கேக்காம நான் எதுக்குடி நீட்டுனேன்?" என்றேன். அதற்கு அவள் சொன்னாள், "அதைத்தானுங்க நாப்பத்தோரு நாளா நானும் உங்களைக் கேட்டுட்டிருக்கறேன்." வாயைத் திறக்காமல் எப்படிக் கேட்டாளாம்?

தாளை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அழவில்லை. அழுதால்கூட நான் சமாளித்துவிடுவேன், தம்பி. கதவைத் தட்டாமலே உள்ளே போகிறாள். தனியாகப் போகிறாள். குமாஸ்தா அம்மா, அவளை நிறுத்துங்கள்! அங்கே அஞ்சு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் என்ன பேசுவாள்? சாந்தா! இரு, நானும் வருகிறேன்!

கதவைச் சாத்திவிட்டார்கள்.

மணி என்ன? ஐம்பத்தொன்றா? ஒன்பது நிமிஷம் இருக்கிறது. பேனா என் கையில்தான் இருக்கிறது, தாளும் இருக்கிறது, நான் எழுத மாட்டேன் என்று சொல்லவே இல்லையே. விடுங்கள் தம்பி, கையை விடுங்கள், நான் கதவைத் தட்டத்தான் போகிறேன். ஏ வாத்தியாரே! உன்னைத்தான்! தரகன் மகன்தானே நீ? உங்கப்பன் ஒரு விலை சொல்லிவிட்டு அப்படியே கல்லாட்டம் நின்றிருந்தால் உன் வீட்டில் உலை கொதித்திருக்குமா? வெளியே வா. ஒரு எட்டு நீ வா, மூன்று எட்டு நான் வருகிறேன். நீ ஆரம்பித்தது, நீதான் சரி பண்ண வேண்டும். அந்த நடு வரியை உன் கையால் கோடு போட்டு அடி. அடித்துக் கொடு, இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுகிறேன். கேட்கிறதா? அவள் கேட்டாள் என்று எழுத வேண்டாம். கேட்கவில்லை என்றும் என்னை எழுத வைக்காதே. வா ஐயா. வெளியே வந்து சரி பண்ணிவிட்டுப் போ!